இருபத்திநாலாம் நம்பர்

ஹாலோவே பள்ளிப் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஊர் எல்லையிலுள்ள சோளக் கிடங்கைத் தாண்டியதும், மார்னி டிட்மர் எழுந்து நின்று தொண்டையைக் கனைப்பாள். பன்னிரண்டாம் வகுப்பு, கூடைப்பந்து அணியின் கேப்டன், ஆளும் நல்ல உயரம். அவள் எழுந்தால் போதும், மற்றவர்கள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அவள் முகத்தில் இல்லாத மூக்குக் கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, ரென்னுடைய குரலில் கேட்பாள்.

“கண்ணு, இப்ப நாம எங்க இருக்கோம்?”

அன்றைக்கு எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்ப் பெயரை பஸ் முழுக்கச் சேர்ந்து சொல்லும்.

ரெனிக்கர் என்பது அந்தப் பெண்மணியின் முழுப் பெயர். ஊரில் எல்லாருக்கும் ரென். ஆட்டத்தில் யாராவது விழுந்தால் ஓடிவந்து பார்க்கவும், கட்டுப் போடவும், இவள் இன்றைக்கு மேற்கொண்டு ஆடலாம், இவள் ஆடக்கூடாது என்று சொல்லவும் அதற்கென்றே படித்துவிட்டுப் பள்ளியில் வேலைக்கு வந்தவள். அவள் கூடாது என்றால் கூடாதுதான். கோச் தரையில் உருண்டு அழுதாலும் நடக்காது. தலையில் அடிபட்டவர்களின் கண்ணில் சின்ன விளக்கடித்துப் பார்ப்பாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வாள், பிறகு ஐந்து கேள்வி கேட்பாள். நாம் எங்கே இருக்கிறோம், இது ஆட்டத்தின் எந்தப் பாதி, கடைசியாகக் கூடை போட்டது யார், போன ஆட்டம் யாரோடு ஆடினோம், அதில் ஜெயித்தோமா. எப்போதும் இதே ஐந்து, இதே வரிசை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ப்ரின் என்கிற பெண் விழுந்து, நான்காவது கேள்விக்குத் திருதிருவென்று விழித்தாள். ப்ரின்னுக்கு நல்ல நாளிலேயே போன வாரம் யாரோடு ஆடினோம் என்று நினைவிருக்காது. அதை யார் ரென்னிடம் சொல்வது? அவளை உட்கார வைத்துவிட்டார்கள். ஆட்டம் ஒரே ஒரு புள்ளியில் போனது. அன்று திரும்பி வரும் பஸ்ஸில்தான் மார்னி இந்த வழக்கத்தை ஆரம்பித்தாள். பரீட்சைக்குப் போகிறோம், கேள்வி தெரியும், பதிலைப் படித்துக்கொண்டு போனால் என்ன என்றாள். ரென் தன் மருந்துப் பெட்டிகளோடு தனியாகத் தன் காரில் வருகிறவள், ஆகையால் அவள் காதுக்கு எட்டவில்லை.

மூன்றாவது கேள்வியை மட்டும் முன்கூட்டிப் படிக்க முடியாது. அதற்கும் ஒரு வழி இருந்தது. இந்தப் பள்ளி ஆட்டங்களில் சட்டை எண்ணில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வராது. தப்பு செய்தவளின் எண்ணை ரெஃபரி விரலால் காட்ட வேண்டும், ஒரு கைக்கு ஐந்து விரல்தானே. ரெஃபரி காட்டலாம் என்றால் நாமும் காட்டலாம். ரென்னின் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒருத்தி நின்றுகொண்டு, கூடை போட்டவளின் எண்ணை விரலால் காட்டிவிடுவாள். சில அணிகளில் துவைக்காத காலுறையோடு ஆடுவார்கள், சில அணிகளில் பந்துக்கு முத்தம் கொடுப்பார்கள். ஹாலோவேக்கு இது. யாருக்கும் தப்பாகப் படவில்லை. சிரித்துக்கொண்டே படித்தார்கள், சிரித்துக்கொண்டே மறந்தார்கள்.

அந்த பிப்ரவரிச் சனிக்கிழமை வட்டார இறுதி ஆட்டம். மார்னியின் அம்மா லொரீன் இந்தச் சட்டையைப் போட்டிருந்த காலத்தில் ஒருமுறை ஹாலோவே அந்த இடம்வரை வந்தது. அதற்குப் பிறகு இப்போதுதான். ஜெயித்தால் மேலே போகலாம். தோற்றால் மார்னிக்கு இதுவே கடைசி ஆட்டம். கல்லூரியில் வந்து ஆடு என்று அவளை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். கூப்பிடப்போவது தங்கை கிரெட்டாவைத்தான். பத்தாம் வகுப்பு, இருபத்திநாலாம் நம்பர். பந்து அவள் கைக்குப் போனால் அங்கேயே பிறந்தது மாதிரி இருக்கும். அதில் மார்னிக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிரெட்டா கூடை போட்டால் முதலில் கத்துவதும் அவள்தான்.

அன்றும் பஸ்ஸில் ஐந்தும் படித்தாயிற்று. “ரென் குரல் உனக்கு வர வர ரொம்ப நல்லா வருது, மார்னி. அந்த வேலைக்கே நீ போயிடலாம்” என்று கிரெட்டா பின்னாலிருந்து சீண்டினாள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. ஹாலோவேயில் அன்று திருட வந்தவனுக்கு நல்ல வேட்டை, ஊரே இங்கே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். டிட்மர் வீட்டில் அப்பா மட்டும் வரவில்லை. பன்றிகள் குட்டி போடும் நேரம், தொழுவத்தை விட்டு நகர முடியாது. ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரணி நார்த் டெக்கர். பலசாலிப் பெண்கள். ஆட்டம் ஏறுவதும் இறங்குவதுமாகப் போனது. மூன்றாவது கால்பகுதி முடியப் போகிற நேரம், கிரெட்டா இருவருக்கு நடுவில் புகுந்து எழும்பினாள். பந்து அவள் கையை விட்டுப் போனது. அதே நொடியில் ஒருத்தியின் முழங்கை அவள் கன்னப்பொட்டில் இடித்தது. இடித்தவள் வேண்டுமென்று செய்யவில்லை, பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கிரெட்டா காற்றிலேயே தளர்ந்து மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தரையில் பட்ட சத்தம் மார்னிக்குக் கேட்டது. பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது. ஹாலோவே பக்கம் எழுந்து நின்று கத்தியது, பிறகு கத்தினவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

ரெஃபரி விசிலடித்து ஆட்டத்தை நிறுத்தி, ரென்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ரென் வந்து முதலில் கழுத்தைப் பார்த்தாள், கையையும் காலையும் அசைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கிரெட்டா எழுந்து உட்கார்ந்தாள், பிறகு நின்றாள், ரென்னின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே பெஞ்சின் கடைசிக்குப் போனாள். இரண்டு ஊரும் கைதட்டின.

கோச் ஸ்டக்கி மற்றவர்களைச் சுற்றி நிற்க வைத்து, கையில் இருந்த பலகையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மார்னிக்கு அந்தக் கோட்டில் மனம் இல்லை. அவள் மெல்ல நகர்ந்து ரென்னின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். பழக்கம்தான். கால் தானாகப் போனது.

விளக்கு அடித்தாயிற்று, ஒற்றைக் காலில் நின்றாயிற்று, லேசாக ஆடினாள், அவ்வளவுதான். ரென் கேட்க ஆரம்பித்தாள். எங்கே இருக்கிறோம் என்றதற்கு ஊர்ப் பெயர் பளிச்சென்று வந்தது. எந்தப் பாதி என்றதற்கு இரண்டாவது என்றாள். அது கஷ்டமில்லை, புள்ளிப் பலகை எதிரிலேயே இருந்தது.

“கடைசியா யார் கூடை போட்டது?”

கிரெட்டாவின் கண் ரென்னின் தோளைத் தாண்டி மார்னியைத் தேடியது. மார்னி இடுப்போரத்தில் இரண்டு விரலைக் காட்டினாள், பிறகு நான்கு.

“இருபத்திநாலாம் நம்பர்” என்றாள் கிரெட்டா.

ரென் சிரித்துவிட்டாள். “ஓ, அம்மணி தன் பேரைத் தானே சொல்ல மாட்டீங்களோ. அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா?”

கிரெட்டாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கும்போது என்ன விஷயம் என்று தெரியாமல் சேர்ந்து சிரிப்போமே, அந்த மாதிரிச் சிரிப்பு. போன ஆட்டம் யாரோடு, ஜெயித்தோமா என்ற இரண்டுக்கும் பஸ்ஸில் படித்த பதில் அப்படியே வந்தது. ரென் எழுந்து கோச்சிடம் போனாள். சின்னப் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் இந்தக் கால்பகுதி முடிகிறவரை உட்காரட்டும், மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். கோச் தலையாட்டினார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

மார்னி ஆடத் திரும்பினாள். கால் ஓடியது, கை பந்தைப் பிடித்தது, காதில் மட்டும் அந்த ஒரு பதில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கூடை போட்டது யார் என்று கேட்டால் போட்டவள் என்ன சொல்வாள்? நான் என்பாள். கிரெட்டாவாக இருந்தால் நான்தான், வேறே யாரு என்று இரண்டு முறை சொல்வாள். தன் எண்ணை யாராவது எண்ணாகச் சொல்வார்களா? கிண்டலுக்குச் சொன்னாளோ என்று மார்னி தன்னைத்தானே சமாதானப்படுத்திப் பார்த்தாள். கிண்டல்தான், அவள் அப்படிப்பட்டவள்தான் என்று ஒரு மனம் சொல்லிற்று. இன்னொரு மனம் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது.

கால்பகுதி முடிந்து மணி அடித்தபோது ஹாலோவே இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. மார்னி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கிரெட்டா தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, எதிரே எரியும் விளக்குகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மார்னி, அந்த இருபத்திநாலு யாரு?”

“எந்த இருபத்திநாலு?”

“கூடை போட்டாளே. நீ காட்டினியே. நல்லா ஆடுறாளா?” கிரெட்டா குரலைத் தாழ்த்தினாள். “கோச் என்னை உள்ள விட்டா நான் அவளைத்தானே புடிச்சு நிறுத்தணும்? எந்தப் பக்கம் நிக்கிறா, சொல்லு. எனக்குக் கண்ணு கூசுது, நம்பர் தெரியலை.”

மார்னி தங்கையின் மார்பில் பெரிதாக எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். அதை மூடிவிட வேண்டும் போல, என்னவோ ஒரு கூச்சமாக இருந்தது. துண்டை இழுத்து அவள் மேல் போர்த்தினாள்.

“நீ இங்கயே இரு” என்றாள்.

“இருக்கேன். சீக்கிரம் கூப்பிடச் சொல்லு. எட்டு நிமிஷம்தானே இருக்கு.”

அந்த எட்டு நிமிடத்துக்காகத்தான் இரண்டு சகோதரிகளும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் வளையம் அடித்த நாளிலிருந்து பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கிரெட்டா இல்லாமல் அந்த இரண்டு புள்ளி நிற்காது என்று மார்னிக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். ரென் இப்போது மறுபடி வருவாள், மறுபடி அதே ஐந்தைக் கேட்பாள், கிரெட்டா மறுபடி பாஸாகிவிடுவாள். படிப்பித்தவள் யார், இவளேதான். மார்னி ஒன்றும் செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும், தங்கை உள்ளே வந்துவிடுவாள்.

ப்ரின் பக்கத்தில் வந்து, எல்லாம் காதில் விழுந்தவள் போல, அவள் முழங்கையைப் பிடித்தாள். சும்மா குழம்பாதே, அடிபட்டால் கொஞ்ச நேரம் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், எனக்கு அடிபடாமலே அப்படி இருக்கும் என்றாள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். இன்னொரு நாளாக இருந்தால் மார்னி சிரித்திருப்பாள்.

கோச் பலகையைத் துடைத்தபடியே கேட்டார். “மார்னி, உன் தங்கச்சி எப்படி இருக்கா? உனக்குத்தானே தெரியும். எங்கிட்ட சொல்லு.”

நல்ல மனிதர், ஏமாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. நல்ல பதில் வேண்டும் என்ற ஆசை மட்டும் அவர் முகம் முழுக்க இருந்தது. மார்னி அவரைத் தாண்டி ரென்னிடம் நடந்தாள். ரென் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ரென், அவளுக்குப் பதில் தெரியாது. நான் விரல் காட்டினேன்.”

ரென்னுக்கு உடனே பிடிபடவில்லை. மார்னி இன்னொரு முறை சொன்னாள். ஐந்து கேள்வியையும் பஸ்ஸில் படிப்பது, வரிசை மாறாமல் சொல்வது, மூன்றாவதற்கு முதுகுக்குப் பின்னால் விரல், இரண்டு வருடமாக, எல்லாரும். சொல்லச் சொல்ல அணிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்தார்கள். “இருபத்திநாலு யாருன்னு எங்கிட்டயே கேக்குறா” என்று மார்னி முடித்தாள்.

ரென் கோபிக்கவில்லை. கோபிக்க நேரமும் இல்லை. போய் கிரெட்டாவை எழுப்பி, ஆடுகளத்துக்கு முதுகு காட்டி, வெறும் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதிதாக ஒரு கேள்வி கேட்டாள். இன்றைக்கு இங்கே எப்படி வந்தாய்?

கிரெட்டா வாயைத் திறந்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். அது முதல் கேள்விக்கான பதில்.

“அது இல்லடா. பஸ்லயா, கார்லயா? யார் பக்கத்துல உக்காந்து வந்தே?”

“ரெண்டாவது பாதி” என்றாள் கிரெட்டா. சொன்னதும் அவளுக்கே என்னவோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். திரும்பி, கூட்டத்தில் மார்னியைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்தப் பார்வை எனக்குச் சொல்லேன் என்று கேட்டது. மார்னி அசையாமல் நின்றாள். தங்கைக்கு ஒன்றும் கொடுக்காமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

கிரெட்டா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ரென் பக்கம் திரும்பினாள். “தெரியலை” என்றாள். கண்ணில் நீர் தளும்பியது. “தலை வலிக்குது ரென். ரொம்ப நேரமா வலிக்குது.”

“அதைச் சொன்னா போதும் கண்ணு. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.”

ரென் குனிந்து கிரெட்டாவின் இடதுகால் ஷூவை அவிழ்த்துத் தன் மருந்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். ஒற்றை ஷூவோடு யாரும் உள்ளே ஓட முடியாது, கோச்சும் ஆசைப்பட்டு அனுப்பிவிட முடியாது. பிறகு அவள் ரெஃபரியிடம் போய், மூளை அதிர்ச்சியாக இருக்கலாம், இருபத்திநாலு இன்றைக்கு இனி வர மாட்டாள் என்றாள். ரெஃபரி மேசைக்குத் திரும்பி இரண்டு விரல், நான்கு விரல் காட்டிச் சொன்னார். அம்மா லொரீன் அதற்குள் படிகளில் ஆட்களை விலக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

கோச் ஸ்டக்கி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். “ரெண்டு வருஷம்” என்றார். “என் மூக்குக்குக் கீழயே.” பிறகு, “ப்ரின், நீ உள்ள போ” என்றார்.

கடைசி எட்டு நிமிடத்தை மார்னி நன்றாகவே ஆடினாள். தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை என்று ஊரில் பின்னால் சொன்னார்கள். ஆனாலும் பந்து வேண்டிய இடத்தில் வேண்டிய ஆள் இல்லை. ப்ரின் உயிரைக் கொடுத்து ஓடினாள், ஓடினால் மட்டும் போதுமா? மூன்று புள்ளியில் தோற்றார்கள். நார்த் டெக்கர் பெண்கள் நடுவில் குவிந்து குதித்தார்கள். முழங்கையால் இடித்தவள் மட்டும் அந்தக் குவியலிலிருந்து விலகி வந்து, உன் தங்கை எப்படி இருக்கிறாள் என்று மார்னியிடம் கேட்டாள். அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மார்னி சொன்னாள்.

உடை மாற்றும் அறையில் யாரும் மார்னியை ஏசவில்லை. யாரும் அவள் பக்கத்தில் உட்காரவும் இல்லை. ரென் ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

“நீ பண்ணினது தப்பு, அது உனக்குத் தெரியும்” என்றாள். “ஆனா ஆறு வருஷமா அதே அஞ்சு கேள்விய அதே வரிசையில கேட்டுக்கிட்டிருந்தவ நான். நீங்க மனப்பாடம் பண்ணாம வேற யாரு பண்ணுவா?” ஷூவை அவள் மடியில் வைத்தாள். “அவ ரெண்டாவது தடவை அதே தலையோட விழுந்திருந்தா நான் என்ன செய்திருப்பேன்னு நெனைக்கவே முடியலை. போ, அம்மா வண்டியில காத்துக்கிட்டிருக்காங்க.”

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வயல்களில் பழைய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. லொரீன் ஓட்டினாள், பின்சீட்டில் கிரெட்டா அக்காவின் மேல் சாய்ந்து, கண்ணுக்கு மேலே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“மார்னி, ஜெயிச்சோமா?”

“தோத்துட்டோம் கிரெட்டா.”

கிரெட்டா அழுதாள். சத்தமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி. மார்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டும் முன்னால் அழுகை நின்றது. பாலம் வந்தபோது கிரெட்டா மறுபடி தலையைத் தூக்கினாள்.

“மார்னி, ஆட்டம் என்னாச்சு? ஜெயிச்சோமா?”

சற்று முன்னால் கேட்டது அவளிடம் இல்லை. மார்னி சொன்னாள். கிரெட்டா முதல்முறை கேட்கிறவள் போலவே அழுதாள். வழியில் ஒருமுறை வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது, கிரெட்டா வாந்தியெடுத்தாள். திரும்ப ஏறியதும் மறுபடி அதே கேள்வி. இந்த முறை அழவில்லை, கோபப்பட்டாள். நான் இல்லாமலா தோற்றீர்கள், என்னை ஏன் கூப்பிடவில்லை என்றாள்.

லொரீன் கண்ணாடியில் பார்த்து மெல்லச் சொன்னாள். “ஜெயிச்சோம்னு சொல்லிடேன் மார்னி. அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது? இப்போதைக்குத் தூங்கட்டுமே.”

பாவம், தாய். அழுகிறவளைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தை போதும் என்றால் எந்தத் தாய் அதைச் சொல்ல மாட்டாள்? மார்னிக்கும் சொல்லிவிட ஆசை வந்தது. ஜெயித்தோம் என்று சொல்லிக் கேட்க அவளுக்கேகூட ஆசையாக இருந்தது. ஆனால் தங்கையின் வாயில் இல்லாத பதிலை எடுத்து வைத்தது இன்றைக்கு இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. “வேண்டாம்மா” என்றாள். கிரெட்டா கேட்ட ஒவ்வொரு முறையும், அலுக்காமல், முதல்முறை சொல்வது போலவே சொன்னாள். தோத்துட்டோம். மூணு புள்ளி. நீ அடிபட்டு உக்காந்திருந்த. ஆமா, வருத்தமாத்தான் இருக்கு.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, மூளை அதிர்ச்சிதான் என்றார் டாக்டர். வெளிச்சம் வேண்டாம், போன் வேண்டாம், கண்ணால் வாசிப்பது கொஞ்ச நாள் வேண்டாம், பந்தைத் தொடவே வேண்டாம். எல்லாம் சரியாகிவிடும், ஆனால் அது அதன் வேகத்தில்தான் ஆகும் என்றார். அவர் போனதும் லொரீன் சுவரோரமாகத் திரும்பி நின்று தொழுவத்திலிருந்த கணவருக்குப் போன் செய்தாள்.

நினைவு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முழுக்க வரவில்லை. தான் போட்ட அந்தக் கூடை கிரெட்டாவுக்கு வரவே இல்லை. ஆனால் பள்ளியிலிருந்து வந்துபோன ப்ரின் நடந்ததைச் சொல்லிவிட்டாள். ப்ரின்னுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, அன்றைக்கென்று எல்லாம் ஞாபகமும் இருந்தது. அன்று சாயங்காலம் மார்னி அறைக்குள் வந்ததும் கிரெட்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“நீதான் போய்ச் சொன்னியா?”

“ஆமா.”

“நான் உள்ள வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்.”

“இருக்கலாம்.”

“உனக்குக் கடைசி ஆட்டம். எனக்காகவாவது நீ...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவைத்தான் கேட்டாள். மார்னி அதை வாங்கிக்கொண்டாள். திட்டினால் திருப்பித் திட்டலாம், பேசாமல் இருப்பவளை என்ன செய்வது?

இடையில் பள்ளிப் பாடம் சேர்ந்துகொண்டே போனது. எழுத்தைப் பார்த்தால் கிரெட்டாவுக்குத் தலை சுற்றியது. யாராவது வாசித்துக் காட்டினால் கேட்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லொரீனுக்குத் தொழுவ வேலை தலைக்கு மேல். ஆகவே மார்னி திரையை இழுத்து மூடிய அந்த அறையில், கதவை ஒரு கை அளவு திறந்து வைத்து, கூடத்து வெளிச்சம் விழுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தை வாசித்தாள். மேற்கே ரயில் பாதை போட்ட பாடம். எத்தனை பேர் வேலை செய்தார்கள், எங்கே மலையைக் குடைந்தார்கள், சோளம் எப்படிச் சந்தைக்குப் போனது. சுவாரசியமான பாடம் என்று சொல்ல முடியாது. கட்டிலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. தூங்குகிறாளா, கேட்கிறாளா, கேட்டாலும் உள்ளே போய்த் தங்குகிறதா என்று மார்னிக்குத் தெரியவில்லை. இப்படியே பல நாள் போயிற்று. பஸ்ஸில் நின்று கேள்வி கேட்டபோது வந்த ரென் குரல் இப்போது வரவில்லை. தன் குரலிலேயே வாசித்தாள்.

ஒரு நாள் கண் சொருகியபடி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியிலிருந்து அடுத்ததற்குப் போகாமல் அதற்கும் அடுத்ததற்குத் தாவிவிட்டாள். தாவியது அவளுக்கே தெரியவில்லை.

“ஒரு வரிய விட்டுட்ட” என்றது கட்டிலிலிருந்து குரல்.

மார்னி நிமிர்ந்தாள்.

“பாலத்தை முடிக்கவே இல்லை, அதுக்குள்ள ரயில் எப்படி அந்தப் பக்கம் போச்சு?” கிரெட்டா திரும்பவில்லை. “ஒழுங்கா படி.”

மார்னி விரலை வைத்து வரியைத் தேடினாள். பாலம் அங்கேதான் இருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாலத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.